கனகசிங்கம் தூக்கிப் பார்த்த போத்தல்

கனகசிங்கம் இறந்த செய்தி எங்கள் ஆய்வுக்கூடத்துத் தொலைபேசியில் வந்தது. எடுத்தவர் கிளார்க் சுப்பையா. பேசும் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு, "அக்கா, உங்க ஆளு போய்ட்டாரு லா," என்றார். "எந்த ஆளு?" என்றேன். "சிங்கம்," என்றார். நாங்கள் இருவரும் எதிரிகள் என்பது ஆபீஸ் முழுக்கத் தெரியும். அதனால்தான் இருபது வருடமாக அவரை "உங்க ஆளு" என்று சொல்லி என்னைச் சீண்டுவார்கள். நான் "அப்படியா" என்று மட்டும் சொன்னேன். கையில் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டு இருந்தது. அதைப் பார்த்து முடித்து, எழுத வேண்டியதை எழுதிவிட்டுத்தான் எழுந்தேன். அழவில்லை. உண்மையைச் சொன்னால், "ஒரு வழியாக" என்றுதான் மனதுக்குள் முதலில் தோன்றியது.

ஒரு வாரம் கழித்து அவர் மகள் வசந்தி அழைத்தாள். முப்பத்தொன்றாம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம். "அப்பாவோட வேலை செஞ்சவங்க யாருமே மிச்சம் இல்ல ஆன்டி. நீங்க ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. உள்ளதை எழுதினா போதும்." உள்ளதை என்று ஏன் சொன்னாளோ தெரியவில்லை. சொல்லிவிட்டாள், எழுதுகிறேன். இந்த மலரில் மற்றவர்கள் எழுதியதையும் அவள் எனக்குக் காட்டினாள். தங்கமான மனிதர், கடமையே கண்ணானவர், அதிர்ந்து பேசாதவர். அதிர்ந்து பேசாதவரா! பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தக் காலத்தில் கடை வைத்திருந்த யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்கள்.

அவர் எங்கள் வட்டாரத்தின் சுகாதார இன்ஸ்பெக்டர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கையில் தோல் பை, பைக்குள் ஒரு போத்தல் பினாயில். அவர் தெருமுனையில் தலைகாட்டினால் "சிங்கம் வருது, சிங்கம் வருது" என்று கடைக்குக் கடை செய்தி பறக்கும். மூடாத தண்ணீர் டிரம்மைக் கண்டால் ஒரு வார்த்தை பேச மாட்டார். பினாயிலை அதில் கவிழ்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஒரு முறை கோயில் திருவிழாவில், பக்தர்களுக்கு வைத்திருந்த நீர்மோர் டிரம்மைக் காலால் சாய்த்துச் சாக்கடையில் ஓடவிட்டார். தண்ணீர் காய்ச்சவில்லையாம். கோயில் தலைவர் பதறிப்போய், "சார், சாமி காரியம், சாமி பார்த்துக்கும்," என்றார். "சாமிக்கு டைபாய்ட் வராது ஐயா, உங்களுக்குத்தான் வரும்," என்று பதில் சொல்லிவிட்டு, ஈரமான சப்பாத்தோடு நடந்து போனார். நான் அன்று வரிசையில் குவளையோடு நின்றவள். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அவருடைய ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்தவர்கள். எங்கள் ஆட்கள் ரயில் பாதை போட வந்தவர்கள். இந்த வித்தியாசத்தை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை, எங்களையும் மறக்க விட்டதில்லை. "யூ பீப்பிள்" என்றுதான் ஆரம்பிப்பார். "யூ பீப்பிள் சோப்பை வாங்கி விருந்தாளிக்கு எண்டு அலமாரியில வைக்கிற ஆட்கள்." என்னை "நீர்" என்பார். நான் படித்து ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்ததால் அந்த மரியாதை. என் அம்மாவை "நீ" என்பார்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில், அண்ணன் பெயரில் இருந்த வீட்டில் நாங்கள் இருந்தோம். அந்த வரிசையின் முனையில் அம்மா தோசைக் கடை போட்டிருந்தார். பார்வதி அக்கா கடை என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. தோசையை விடத் தேங்காய்ச் சட்னிக்குத்தான் கூட்டம். கனகசிங்கமும் அங்கேதான் காலையில் சாப்பிடுவார். ஊரெல்லாம் குறை கண்டுபிடிக்கிற மனிதர் தன் கடையில் சாப்பிடுகிறார் என்று அம்மாவுக்கு அவ்வளவு பெருமை. அவருக்கென்று தனியாக ஒரு தட்டைக் கொதிநீரில் கழுவி வைத்திருப்பார். சட்னி ஒரு கரண்டி கூட விழும்.

எழுபதுகளின் கடைசியில் அந்த வரிசையில் டைபாய்ட் வந்தது. முதலில் ஒரு வீடு, அப்புறம் இரண்டு வீடு. கனகசிங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் படுத்திருந்தவர்களின் தலைமாட்டில் உட்கார்ந்து, போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேட்டார். என்ன தின்றாய், எங்கே தின்றாய், எத்தனை நாளாக. நான்கு நாள் கேட்டுவிட்டு ஐந்தாம் நாள் காலை அம்மாவின் கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேருக்கு எதிரில் தோல் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, தோசைக்கல் பக்கத்தில் வைத்தார்.

"பார்வதி, நாளைக்குக் காலமை உன்ர பீயை இதில எடுத்து ஆபீசுக்கு அனுப்பு. மூண்டு நாள், மூண்டு போத்தல். இல்லாட்டிக் கடையைப் பூட்டுவன். விளங்குதோ?"

நான் வேலைக்குப் புறப்பட்டு அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் இருவர் சிரித்தார்கள், ஒருவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அம்மா இரண்டு கைகளையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சரிங்க சார்," என்றார். போத்தலை எடுத்து அரிசிச் சாக்குக்குப் பின்னால் மறைத்து வைத்தார். அன்றைக்குத் தோசைக்கல் பக்கம் திரும்பியவர் மத்தியானம் வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நோயில்லாமலே கிருமியைச் சுமக்கிறவர்கள் உண்டு. என்றைக்கோ காய்ச்சல் வந்து ஆறியிருக்கும், கிருமி மட்டும் உள்ளேயே குடியிருக்கும். அவர்கள் கை பட்ட உணவில் மற்றவர்களுக்குப் பரவும். இது எனக்குத் தெரியாததா? அதுதானே என் வேலை! நான் குழந்தையாக இருந்தபோது அம்மா காய்ச்சலில் ஒரு மாதம் படுத்திருந்த கதையும் தெரியும். தெரிந்தும் என் புத்தி வேலை செய்யவில்லை. என் கண்ணுக்குள் அந்தப் பெஞ்சும், சிரித்த இரண்டு பேரும்தான் நின்றார்கள்.

எங்கள் ஆபீஸில் கனகசிங்கத்துக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. காலையில் கவுண்டரில் நின்றுகொண்டு, வருகிற போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கொண்டுவந்தவரை முறைத்து, "இது யாருடையது?" என்பார். உன்னுடையதுதானா, நீதான் எடுத்தாயா, எப்போது எடுத்தாய். வந்தவர்கள் கூனிக் குறுகி நிற்பார்கள். நான் ஒரு முறை, "ஆள் பொய் சொன்னாலும் போத்தல் பொய் சொல்லாது சார், உள்ளே அனுப்புங்க," என்றேன். "போத்தலும் பொய் சொல்லும், மிஸ் தனலட்சுமி. கொண்டு வந்த கையைப் பாரும்," என்றார். மனிதர்களை அவமானப்படுத்த ஒரு சாக்கு என்றுதான் நான் அதை எடுத்துக்கொண்டேன்.

அம்மாவின் முதல் போத்தலை நான்தான் கொண்டு போனேன். வாழை இலையில் சுற்றி, அதன் மேல் காகிதம் சுற்றி, நூல் கட்டி, பார்த்தால் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் என்று நினைப்பீர்கள். அவ்வளவு அழகாகக் கட்டியிருந்தார் அம்மா. கனகசிங்கம் அதைப் பிரித்தார். வெளிச்சத்தில் தூக்கினார். வழக்கத்தை விட அதிக நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, வேறு எவரையும் கேட்கிற அதே குரலில், "இது யாருடையது?" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "லேபிள்ல பேர் இருக்கு. படிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று கவுண்டர் அதிரக் கத்தினேன். கியூவில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கனகசிங்கத்திடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் காது மடல் சிவந்தது. போத்தலை மெதுவாகக் கீழே வைத்தார். "ஓம். இருக்கு," என்றார். தன் அறைக்குப் போய்விட்டார்.

வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லி அந்தப் போத்தலை நானே சோதித்தேன். அம்மாவுடையது என்பதால் அதைச் சரியாகப் பார்க்கவும் எனக்குக் கூச்சம். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கம்பியால் தொட்டுத் தட்டில் கீறினேன். எந்தத் தட்டிலும் கிருமி வளரவில்லை. மூன்று நாள், மூன்று போத்தல், மூன்றிலும் இல்லை. பதிவேட்டில் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலையே பெட்டிசன் தட்டச்சு செய்தேன். இன்ஸ்பெக்டர் கனகசிங்கம் பொதுமக்களை இழிவாக நடத்துகிறார், ஆதாரமில்லாமல் கடைக்காரர்கள் மீது பழி போடுகிறார். முதல் கையெழுத்து என்னுடையது. கடைக்காரர்கள் எல்லாரும் ஓடி ஓடி வந்து போட்டார்கள். அதில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை, அதை இன்றைக்கும் சொல்வேன். மூன்று வாரத்தில் அவரைக் கிள்ளானுக்கு மாற்றினார்கள். போகிற அன்று என் கவுண்டரைக் கடந்துதான் போனார். நான் தலை நிமிரவில்லை. அவரும் நிற்கவில்லை.

புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் சிரித்த முகம். வந்த முதல் வாரமே அம்மா கடையில் உட்கார்ந்து இரண்டு முறை சட்னி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மாவின் முகம் தெளிந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று ஆபீஸில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு முனியாண்டி அண்ணனுடையது. அவருக்கு ஒரே மகள், ரேவதி, பதினேழு வயது. ரயில்வே பட்டறையில் வேலை செய்த அவர், மகளை ஆபீஸ் வேலைக்கு அனுப்பப் போகிறேன் என்று தட்டச்சு வகுப்பில் சேர்த்திருந்தார். அவள் காலையில் வகுப்புக்குப் போகும் வழியில் அம்மா கடையில்தான் சாப்பிடுவாள். "குச்சி மாதிரி இருக்கியே, இன்னும் ஒன்னு சாப்பிடு," என்று அம்மா அவளுக்கு மட்டும் சட்னியைக் குளமாக ஊற்றுவார். கனகசிங்கம் போன இரண்டாவது மாதம் ரேவதிக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டிலேயே வைத்திருந்தார்கள். மூன்றாவது வாரம் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை.

அவளை அடக்கம் செய்த மறுநாள் காலை, அம்மா கிணற்றடிக் குழாயில் என் அண்ணன் மகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பத்து மாதப் பிள்ளை. என்னைப் பார்க்காமலே பேசினார்.

"தனம், அந்தப் போத்தல்ல குடுத்தது இவனோடது."

எனக்குப் புரியவில்லை. "என்னம்மா சொல்றீங்க?"

"அந்த சார் நம்ம கடையில சாப்புடுற மனுசன். தினமும் என் கையால தட்டு வச்சிட்டு, அதே கையால என்னோடதக் கட்டி அவர் கையில போய் சேரும்படியா குடுக்க முடியுமா? எல்லாரு முன்னுக்கும் வேற கேட்டுட்டாரு. சின்னப் பிள்ளையோடது, அதுல என்ன அசிங்கம்னு..."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

பிள்ளை தண்ணீரைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

மறுபடியும் நானே போத்தல் கொடுத்தேன், இந்த முறை கதவுக்கு வெளியே நின்று வாங்கினேன். இரண்டாவது தட்டில், நடுவில் கருத்த புள்ளிகளோடு, பாடப்புத்தகத்தில் போட்ட மாதிரி கிருமி வளர்ந்திருந்தது. என் அம்மாவின் பெயரை எழுதி, எதிரே "உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆனால் மேலே இருந்த அந்த மூன்று வரிகளை நான் திருத்தவில்லை. கிருமி சில நாள் வெளியே வரும், சில நாள் வராது என்பது இந்த வேலையில் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. முன்பு அகப்படவில்லை, இப்போது அகப்பட்டது என்று புதிய இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டார். அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். அம்மாவுக்கு மருந்து கொடுத்தார்கள். கடையை மூடினோம். பார்வதி அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று வரிசையில் சொல்லிக்கொண்டோம். அம்மா அதற்குப் பிறகு எங்களுக்குக்கூடச் சமைக்கவில்லை. ஒரு பழம் உரித்து யாருக்கும் கொடுத்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். கனகசிங்கம் பாசார் சந்தையில் மீன் கடைகளுக்கு நடுவே நின்று ஒரு சீனக் கிழவரைத் திட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எதிரே இருந்த காப்பிக் கடைக்குக் கூட்டிப் போனார். இரண்டு டீ சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையின் போத்தல், இரண்டாவது தட்டு, ரேவதி. அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"முதல் போத்தலைக் கண்ட உடனேயே எனக்கு விளங்கிட்டுது," என்றார். "அது பால் குடிக்கிற பிள்ளையின்ர. இருபது வருசமாப் பாக்கிறன், எனக்குத் தெரியாதோ?"

"அப்புறம் ஏன் சார் சொல்லல?"

"யாருடையது எண்டு கேட்டன்."

"நான் லேபிளைக் காட்டினேன்."

"ஓம். காட்டினீர். அவ்வளவு சனத்துக்கு முன்னால." டீக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "போகட்டும், இந்தப் பெட்டை தன்ர அறிவீனத்தால அவமானப்படட்டும் எண்டு விட்டன். பிறகு நீர் பெட்டிசன் போட்டீர். பிறகு நான் எனக்கென்ன எண்டு இருந்திட்டன்."

அந்த இடத்தில் நான் அவரை என்னென்ன சொன்னேன் என்பதை இந்த மலரில் எழுத முடியாது. இரண்டு மாதம்! ஒரு வார்த்தை, ஒரு கடிதம், ஒரு தொலைபேசி. அவர் ரோஷத்துக்கு ஒரு பிள்ளையின் உயிர். மீன் கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "அண்டைக்கு நான் சொல்லியிருந்தால் நீர் கேட்டிருப்பீரோ?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். "கேட்டிருக்க மாட்டேன்," என்றேன்.

புறப்படும்போது ஒன்று கேட்டுக்கொண்டேன். முனியாண்டி அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள். அம்மாவால் தாங்க முடியாது, அந்த வரிசையில் நாங்கள் இருக்க முடியாது. அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மீன் கடைக்குத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை. மாதாந்திரக் கூட்டங்களில் அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. அவர் ஓய்வு பெற்றபோது கொடுத்த விருந்துக்குப் பட்டியலில் என் பெயர் இருந்தும் நான் போகவில்லை. அந்தப் பெண்ணைக் கொன்றது அவர் வாய் என்றும், அவர் மௌனம் என்றும், எனக்கு நானே பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு ஆள் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

இறுதிச் சடங்குக்குப் போனேன். ஊர் வாய்க்கு அஞ்சித்தான் போனேன். அங்கே முனியாண்டி அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இவர் ஏன் இங்கே என்று வசந்தியிடம் கேட்டேன். "என்ன ஆன்டி, உங்களுக்குத் தெரியாதா? அவங்க மக திதிக்கு அப்பா வருசா வருசம் போவாரே," என்றாள்.

அது தெரிந்தும் இந்தக் கட்டுரையை முதலில் வேறு மாதிரி எழுதி வைத்திருந்தேன். நீர்மோரும் பினாயிலும் மட்டும் இருந்தன. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நேற்றுக் காலை முனியாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனேன். குவாட்டர்ஸை இடித்த பிறகு இரண்டு குடும்பமும் செந்தூலில் ஒரே அடுக்குமாடிக்குத்தான் வந்தோம். அவர் 'ஏ' புளோக், நான் 'சி' புளோக். இடையில் ஒரு கார் நிறுத்துமிடம். அண்ணன் கதவைத் திறந்து கம்பிக் கிராதிக்குப் பின்னால் நின்றார். நான் வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை.

"சார் சொல்லிட்டாருமா," என்றார்.

"எப்போ?"

"அவ போன ரெண்டாவது மாசம். கிள்ளான்லேருந்து பஸ்ல வந்தாரு. நான் பார்த்தும் சொல்லாம விட்டுட்டேன், என் தப்பு, என்ன வேணாலும் செய்யுங்கன்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. ஒரு அறை விட்டேன். வாங்கிக்கிட்டாரு. அடுத்த வருசம் திதிக்கும் வந்தாரு. அப்புறம் வந்துக்கிட்டே இருந்தாரு."

"எங்க அம்மா..."

"எந்தக் கடைன்னு கேட்டேன், சொல்லல. எந்த லேப்னு கேட்டேன், சொல்லல. ஏம்மா, அந்த வரிசையில கடை ஒன்னுதானே இருந்துச்சு? எனக்குத் தெரியாதா?"

கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உங்க அம்மா மேல எனக்குக் கோவம் இல்ல. அது படிக்காத மனுசி, எம்மகளுக்கு ஆசையா ஊத்துச்சு. அது செத்தப்ப பாடையை முன்னால தூக்குனது நான்தான், ஞாபகம் இருக்கா? அன்னைக்காவது நீங்க வாயத் திறப்பீங்கன்னு பார்த்தேன்." கதவில் கை வைத்தார். "அவர் கிள்ளான்லேருந்து ரெண்டே மாசத்துல வந்தாரு. நீங்க நாலு வீடு தள்ளித்தான் இருந்தீங்க."

கதவை அவர் அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினார்.

அதனால், கனகசிங்கத்தை அறிந்தவர்களே, அவர் நல்லவர் என்று என்னை எழுதச் சொல்லாதீர்கள். அவர் ஆணவம் பிடித்தவர். ஏழைகளின் கூச்சத்தைக் காலால் மிதித்தவர். அந்தப் போத்தலை ஒரு நர்ஸம்மாவிடம் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, தணிந்த குரலில் கேட்கச் சொல்லியிருந்தால் என் அம்மா தன்னுடையதைக் கொடுத்திருப்பார். இன்றைக்கும் அவரை எனக்குப் பிடிக்காது. இப்போது இன்னும் பிடிக்கவில்லை. இத்தனை வருடமும் நான் கேட்டுக்கொண்டபடி என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு, தன் பங்கை மட்டும் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு, அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது கவுண்டரில் அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான். இன்று காலையும் ஒரு பெண் பொட்டலத்தோடு வந்தாள். அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு, இது யாருடையது என்று மெதுவாகக் கேட்டேன். அவள் போன பிறகு பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துப் பிரித்தேன். அந்த மூன்று வரிகளிலும் இருக்கிற பெயர் என் அம்மாவுடையது. போத்தல்கள் அவருடையவை அல்ல. கையெழுத்து என்னுடையது.